நிரல் இரண்டு, அறுபத்து மூன்றாம் நாள்

கிண்ணியாவிலிருந்து கோது வரும்
உரப்பையில், ஐஸ் உருகின தண்ணீர் சொட்டச் சொட்ட.
இறால் போனது எந்த ஊர் மேசைக்கோ.
எங்களுக்கு வாய்த்தது அது கழற்றிவிட்ட சட்டை.

அமிலத்தில் சுண்ணம் போகும்,
காரத்தில் புரதம் போகும்.
இன்னும் காய்ச்சி, மிஞ்சியதை
வினாகிரியில் கரைத்தால்
வடித்த கஞ்சிபோல் ஒன்று.
ஊசிமுனையால் துளித் துளியாய் விடுவேன்.
கார நீரில் விழுந்த கணமே
தன்னைத் தானே உருட்டிக்கொண்டு
மணியாகி நிற்கும் ஒவ்வொரு துளியும்.
சவ்வரிசி என்பான் இஸ்ஸதீன்.
நோன்பு மாதத்தில் அந்தப் பக்கமே வரமாட்டான்,
ஃபோர்க்லிஃப்டை வாசலோடு நிறுத்திவிடுவான்.

பிறகு நொதியம்.
ஒரு பூஞ்சணம் தன் பசிக்கென்று செய்தது.
நாங்கள் வாங்கும் விலையைச் சொன்னால்
என் காப்பு தானாய்க் கழன்று விழும்.
அவிழ்த்துவிட்டால் பாலோடு பாலாய் ஓடிவிடும்;
ஒரு நாள் வேலை, அன்றைக்கே தொலைவு.
ஆகவே கட்டுகிறோம்.
இரண்டு முனையிலும் கொக்கி உள்ள ஒரு மூலக்கூறு,
நாற்றம் மூக்கை அறுக்கும்.
ஒரு கொக்கி மணியில், மற்றது நொதியத்தில்.
இறுக்கினால் வாய் அடைத்துப்போகும்.
தளர்த்தினால் முதற் கழுவலிலேயே போய்விடும்.
கால் கட்டுண்டு, வாய் திறந்து
கிடக்க வேண்டும்.

புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லும்போது
ஒரு சொல்லில் எப்போதும் தடக்குவேன்:
அசையவிடாமை.
இந்தக் குடாவில் அந்தச் சொல்லைக் கேட்டால்
கரையில் கட்டிக் கிடந்த வள்ளங்கள்,
துண்டு காட்டாதவரை ஏற்றாத பாதை,
ஆறு மணிக்கே சாத்தின கதவு.
அப்போது கட்டினவர்கள்
வாயையும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.
பிள்ளைகள் குறிப்பெடுக்கக் காத்திருக்கும்.
நான் பாடத்துக்குத் திரும்புவேன்.

நேற்று இரவு இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனறேற்றர் இரண்டு தரம் இருமிப் படுத்தது.
பம்பி நின்றது.
நிரல் இரண்டின் வயிற்றில்
ஆடை எடுத்த பால், இளஞ்சூட்டில், அசையாமல்.
நின்ற பால் புளிக்கும், புளித்தால் திரளும்,
திரண்டால் மணிகளின் வாயெல்லாம் தயிர்.

கொழும்புக்கு எடுத்தேன்.
பொறியியலாளர் தூக்கத்துக்குள்ளிருந்து,
'விடுங்கோ மிஸ், நாப்பத்தஞ்சு நாள்தானே அதுக்குக் கணக்கு.'
கணக்குத்தான்.
இது அறுபத்து மூன்றாம் நாள்.

முக்காலியில் ஏறினேன்.
தாங்கற் கரைசல், பன்னிரண்டு லீற்றர் கான்,
தலைக்கு மேலே பிடித்தால்தான் இறங்கும்.
மெல்ல, நூல்போல,
பாலைத் தள்ளிக்கொண்டு.
கீழே இஸ்ஸதீன் ஃபோன் டோர்ச்சை
வெளிக்குழாய்க்குப் பிடித்திருந்தான்:
'வெள்ளை... வெள்ளை... இன்னும் வெள்ளைதான்...'
ஜன்னலில் சீனன்குடா முழு இருட்டு.
தூரத்தில் ஒரு கப்பல் மட்டும்
சொந்த வெளிச்சத்தில் நின்றது, எங்கும் போகாமல்.
தோள்மூட்டு எரிந்தது. இடக்கைக்கு மாற்றினேன்.
மாற்றின கையும் ஒப்பவில்லை, திரும்பவும் வலது.
'தெளிவு' என்றான்,
நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால்.

காலையில் சோதனை.
உயிரோடிருந்தால் குழாயில் மஞ்சள் ஏறும்.
முதல் வாரம் பூவரசம்பூ.
இன்று தேசிக்காய்ச் சாறு,
அதுவும் தண்ணீர் கூடிப்போனது.
ஐம்பத்தெட்டு வீதம்.
நேற்று அறுபத்தொன்று.
குறிப்பு என்ற கட்டத்தில் கனக்க யோசித்து
'மின்தடை' என்று எழுதினேன்.

பம்பி ஓட, பால் இறங்கத் தொடங்கிற்று.
இஸ்ஸதீன் விரலில் தொட்டு நக்கினான்:
'சீனி போட்டீங்களா மிஸ்?'
'இல்லை. உள்ளே இருந்ததை
இரண்டாய் வெட்டினது.'
'ஆர்?'
நிரலைக் காட்டப் போனேன்.
கை ஏறவில்லை.
அவன்தான் என் தேத்தண்ணியை
மேசையில் கிட்டத் தள்ளி வைத்தான்.